கைப்பக்குவமும் கழனியும்

பிராமண வீடுகளில் திவசத்தன்று இலையில் விழும் பண்டங்களைக் கவனித்துப் பார்த்தால், எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு வரலாறு அங்கே இருப்பது தெரியும். வாழைக்காய், பாகற்காய், கொத்தவரங்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், மாங்காய், இஞ்சி. காரத்துக்கு மிளகு மட்டும். மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், கேரட், பீன்ஸ் எதுவும் கிடையாது. வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் விலக்குவதற்கு வேறு ஆசாரக் காரணங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கி வைப்போம். மீதியைப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது. கப்பலேறி வந்தவை பெரும்பாலும் வெளியே நிற்கின்றன. இந்த மண்ணில் நெடுங்காலமாக விளைந்தவை உள்ளே இருக்கின்றன. முன்னோருக்குப் படைப்பதில் முன்னோர் அறிந்ததே இருக்க வேண்டும் என்ற நினைப்பு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று கைமாறி, நானூறு, ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியிலும் மிளகும் சீரகமும் சுக்கும்தான். மிளகாய்க்கு அங்கே இடமில்லை.

இதற்குக் கல்லிலும் சாட்சி உண்டு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜனின் தமக்கை குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலில் வைத்த திருமேனிகளுக்கு அமுது படைக்க விட்ட நிவந்தங்கள் கல்வெட்டில் இருக்கின்றன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு என்று அளவோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நம்முடைய அஞ்சறைப்பெட்டியின் பாதி அப்போதே நிறைந்துவிட்டது. மீதிப் பாதி பிறகு வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபின் போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் வந்தது. முந்திரி, கொய்யா, அன்னாசி, பப்பாளி, மக்காச்சோளம், மரவள்ளி, நிலக்கடலை எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறிய பின்னர்தான் அந்த மலையில் உருளைக்கிழங்கும் மற்ற ஐரோப்பியக் காய்களும் பயிராகத் தொடங்கின. இன்றும் சந்தையில் அவற்றுக்கு இங்கிலீஷ் காய் என்றே பெயர். கத்தரியும் பூசணியும் நாட்டுக்காய்.

உள்ளூர் விளைச்சலை வைத்துச் சமைக்க வேண்டும், பாட்டியின் பக்குவத்தை மீட்க வேண்டும் என்று இன்று பலரும் விரும்புகிறார்கள். நல்ல விருப்பம். ஆனால் உள்ளூர் என்பது எது? ராமநாதபுரத்து முண்டு மிளகாய் அந்தக் கரிசலுக்கும் வெயிலுக்கும் பழகி உருண்டு திரண்டு, குழம்புக்கு ஒரு தனி நிறமும் மணமும் தரும் சரக்காகிவிட்டது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வந்தேறிப் பயிர் ஒன்று ஒரு மாவட்டத்தின் அடையாளமாக மாற நானூறு ஆண்டு பிடித்திருக்கிறது. மரவள்ளியின் கதையும் அதுதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கைப் பரப்ப முயற்சி எடுத்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அந்தச் சமஸ்தானத்து ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கிழங்கு. 1956இல் தமிழகத்தோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியாது. அதை அந்நியம் என்று அந்த ஊர்ப் பெரியம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.

ஆகவே தூய்மை தேடிப் போவதில் பொருளில்லை. ஒரு பயிரை மண் ஏற்க வேண்டும், பிறகு அடுப்படி அதைக் கற்க வேண்டும்; இரண்டும் நடந்தால் அது உள்ளூர்ப் பொருள். குடும்பப் பக்குவம் என்று நாம் சொல்வது, ஒரு வீடு தன் மண்ணைக் கற்றுக்கொண்டதன் பதிவு. மண்ணை விட்டுவிட்டுப் பக்குவத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த உறவைத் தமிழ் மிக முன்பே அறிந்திருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழிநெடுகக் கிடைக்கும் சாப்பாடு நிலத்துக்கு நிலம் மாறுகிறது. எயினர் குடியில் புல்லரிசிச் சோறு, ஆயர் குடியில் பாலோடு தினைச்சோறு, முல்லை நிலத்து உழவரிடம் அவரைப் பருப்போடு வரகுச்சோறு, மருதத்தில் வெண்ணெல் சோறும் கோழியும். பசித்தவனுக்கு அந்தந்த நிலம் எதைக் கொடுக்க முடியுமோ அதைத்தான் கொடுத்தது. இன்று அதே வழியில் காரில் போகிறவருக்குத் திண்டிவனத்திலும் திருச்சியிலும் ஒரே பட்டியல், ஒரே குருமா.

ஒரு பக்குவத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வற்றல் குழம்பை எடுத்துக்கொள்வோம். பங்குனி, சித்திரை வெயிலில் சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி மோரில் போட்டு, மோர் வற்றும்வரை தொடர்ந்து, கடைசியில் சலசலவென்று உலர்ந்தபின் பானையில் கட்டி வைப்பார்கள். சின்ன வெங்காயம் மலிந்து கிடக்கும் நாளில் வடகம் போடுவார்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகை வரும். அடைமழையில் கீரை அழுகும், காய் வரத்துக் குறையும், சந்தைக்குப் போகவே முடியாது. அந்த நாளுக்காகத்தான் அந்தப் பானை. மழைநாள் இரவில் நல்லெண்ணெயில் பொரிந்த வற்றலின் வாசனையை நாம் ருசி என்று கொண்டாடுகிறோம். அதன் அடியில் இருப்பது ஆறு மாதம் முன்கூட்டி யோசித்த ஒரு பெண்ணின் அறிவு. கடையில் வற்றல் பாக்கெட் வாங்கிச் சமைப்பவர் குழம்பைக் கற்றுக்கொள்கிறார். அந்த யோசனை அவருக்குக் கிடைப்பதில்லை.

மற்றவையும் இப்படித்தான் மாதத்தோடு கட்டப்பட்டவை. ஆடியில் மாரியம்மனுக்குக் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ காய்ச்சி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைக்கிறார்கள். மார்கழித் திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ள ஏழு காய்க் கூட்டு. கிழங்கும் மொச்சையும் பூசணியும் திரண்டு வரும் பருவம் அது. சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி, ஏனென்றால் வேம்பு அப்போதுதான் பூக்கிறது.

அளவுகளைப் பாருங்கள். நெல்லிக்காய் அளவு புளி, எலுமிச்சங்காய் அளவு புளி, கொட்டைப்பாக்கு அளவு வெல்லம். தோட்டத்தில் காய்ப்பதை வைத்தே சமையலுக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். கொட்டைப்பாக்கைப் பார்த்திராத பிள்ளைக்கு அந்த அளவு புரியாது. அது போகட்டும் என்றாலும், புளியே மாறுகிறது. புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் புளிப்பு ஒன்றல்ல. ஒரு வருடம் ஆறிய அரிசிக்கும் நேற்று அறுத்த அரிசிக்கும் உலைநீர் ஒன்றல்ல. அதனால்தான் பாட்டிமார்கள் கிராம் சொல்லாமல், பச்சை வாசனை போகட்டும், எண்ணெய் பிரிந்து வரட்டும், கையில் ஒட்டாமல் வரட்டும் என்று சொன்னார்கள். அளவு தெரியாமல் சொன்ன பேச்சு என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. மாறிக்கொண்டே இருக்கும் சரக்கைக் கையாளுகிறவருக்கு இதைவிடத் துல்லியமான பேச்சு கிடையாது.

இவ்வளவு அறிவும் எழுதப்படாமலே கிடந்தது. அரண்மனைச் சமையல் எழுதப்பட்டது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் மராத்தியில் சரபேந்திர பாகசாஸ்திரம் இருக்கிறது. சாதாரண வீட்டு அடுப்படிக்கு அப்படி யாரும் ஏடு எடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும் என்றிருந்த காலம் அது. அந்தப் பக்கம் எப்போது தூரமானதோ அப்போதுதான் எழுத்து தேவைப்பட்டது. சென்னையில் இளவயதிலேயே கணவரை இழந்து, குடும்பத்தைத் தாங்கி நின்ற எஸ். மீனாட்சி அம்மாளுக்கு உறவுப் பெண்கள் கடிதம் எழுதிப் பக்குவம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போடு என்று ஊக்கினார் உறவினரான கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். 1951இல் ‘சமைத்துப் பார்’ வந்தது. உத்தியோகம் தேடிப் பம்பாய்க்கும் டில்லிக்கும் போன குடும்பங்களின் மணப்பெண்கள் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். மாமியாரோ தாயோ இல்லாத ஊரில் அந்தப் புத்தகம் அவர்களுடைய இடத்தில் நின்றது.

அதன் சிறப்பு, பெண்ணொருத்தி தன் கையறிவைத் தன் பெயரிலேயே எழுதி அச்சேற்றியது. படி, ஆழாக்கு, பலம் என்ற அளவுகளில் எழுதினார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்காக இருந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிய மெட்ரிக் முறை 1962க்குள் நாடெங்கும் கட்டாயமானது. பழைய படி பரணுக்குப் போனது. அடுத்த தலைமுறைக்கு அந்தப் புத்தகத்தைக்கூட மாற்றித் தர வேண்டியிருந்தது. எழுதி வைத்துவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். ஒரு குறிப்பு தலைமுறைக்கு ஒருமுறை மறுபடி சமைக்கப்பட்டு, மறுபடி எழுதப்பட்டால்தான் உயிரோடு இருக்கும்.

பக்குவம் ஏன் அறுந்தது என்று கேட்டால், மிக்சியையும் ஹோட்டலையும் கைகாட்டுவது எளிது. காரணம் அதைவிடப் பெரியது, துயரமானது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் சென்னை மாகாணம் பெரிதும் நம்பியிருந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது. கிடைத்ததைச் சாப்பிடுவது என்பது பல வருடம் விதியாக இருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு அத்தனை வலிமை இருந்ததென்றால், வயிறு எவ்வளவு காய்ந்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதே பத்தாண்டில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற நெல் ரகங்கள் காவிரிப் படுகைக்கு வந்து களஞ்சியத்தை நிறைத்தன. பிற்பாடு ரேஷன் கடையில் இலவச அரிசி வந்தது, துவரம்பருப்பும் பாமாயிலும் வந்தன. இவற்றைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பசியாற்றியது எதுவும் பழிக்கத்தக்கதல்ல. ஆனால் விலையும் கொடுத்திருக்கிறோம். வரகும் சாமையும் சோளமும் உண்ட புன்செய் மாவட்டங்களில் வெள்ளை அரிசிச் சோறே மதிப்புக்குரிய சாப்பாடானது. தானியம் போனபோது அதைப் புடைக்கவும் குத்தவும் பொங்கவும் தெரிந்த கைகளும் போயின.

பழைய வழக்கம் எல்லாமே அறிவு என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிலவற்றைச் சோதித்துப் பார்த்தவர்களே வியந்திருக்கிறார்கள். குன்னூரில் ராபர்ட் மக்காரிசனும் அவருக்குப் பின் டபிள்யூ.ஆர். அய்க்ராய்டும் நடத்திய உணவு ஆராய்ச்சியில் அரிசியும் பெரிபெரி நோயும் முக்கியப் பொருள். தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரையில் அந்த நோய் வாட்டியது; புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகள் பெருமளவு தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கும் தயாமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. கொல்லையில் அண்டா வைத்து நெல் அவித்த பெண்களுக்குத் தயாமின் என்ற பெயர் தெரியாது. அவர்கள் பிள்ளைகளின் கால்கள் வீங்கவில்லை.

இப்போது விதைக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன், நம்மாழ்வார் காட்டிய வழியில், 170க்கும் மேற்பட்ட மரபு நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போகும் உழவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். விதைகள் வயல்களில் இருக்கின்றன. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவை எப்படிச் சமைப்பது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது, அதன் நீராகாரம் எப்படி இருக்கும், பூங்காரில் என்ன பலகாரம் செய்யலாம் என்று தெரியாத வீடு அந்த நெல்லை ஒருமுறைதான் வாங்கும். சரியாக வேகவில்லை என்று மறுமுறை விட்டுவிடும்.

எதிர்ப்பக்கம் சீரகச் சம்பாவைப் பாருங்கள். குறைந்த விளைச்சல், நீண்ட வயது. கணக்குப் பார்த்தால் அது முதலில் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் பிரியாணி அண்டாக்கள் அதையே கேட்டன; கேட்ட விலையைக் கொடுத்தன. கருப்புக்கவுனியைச் செட்டிநாட்டு ஆச்சிமார்களின் விருந்து இனிப்பு காப்பாற்றியது. வேலூர் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்தரி இன்னும் பயிராவதற்குக் காரணம், அதன் ருசியை அறிந்து அதையே தேடி வாங்கும் வீடுகள் இருப்பதுதான். வேளாண்மைத் துறையின் திட்டங்கள் எவ்வளவு வந்தாலும், ஒரு பயிரைக் காப்பாற்றும் பெரிய பலம் அதைச் சமைக்கத் தெரிந்த வீடுகளிடம்தான் இருக்கிறது என்பதே நம் முடிவு.

இதோடு இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் பேசியாக வேண்டும். நம் அடுப்படி அறிவை மட்டுமல்ல, சாதியையும் காத்து வைத்திருந்தது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதைக் கண்டு 1924, 25இல் தமிழ்நாடே கொதித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை விடவில்லை. பாரம்பரியச் சமையல் என்ற பெயரில் இன்று அச்சாகும் பட்டியலில் யாருடைய பாட்டிமார்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சேரியில் ஆட்டுக்குடலையும் ரத்தத்தையும் நத்தையையும் வீணாக்காமல் சமைத்த பக்குவத்தில் இருக்கும் சிக்கனமும் நுணுக்கமும் எந்த மடைப்பள்ளிக்கும் குறைந்ததல்ல. அதையும் எழுதாத வரலாறு பாதி வரலாறு.

இன்னொன்று உழைப்பு. ஆட்டுக்கல்லில் மாவரைத்த தோள்வலியை ருசியின் பெயரால் யாரும் திரும்பக் கேட்கக் கூடாது. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார கிரைண்டரை உருவாக்கியபின் இட்லி விசேஷ நாளிலிருந்து தினப்படிக்கு வந்தது; கோடிக்கணக்கான மணி நேரம் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’, 1988இல் அதே பெயரில் வந்த தொகுப்பில் இருக்கும் கதை, ஒரு வீட்டின் அதிகாரமும் சிறையும் ஒரே மூலையில் இருப்பதைக் காட்டியது. அந்த மூலைக்குப் பெண்களை மட்டும் திருப்பி அனுப்பும் எந்த மறுமலர்ச்சியும் நமக்கு வேண்டாம். குடும்பப் பக்குவம் குடும்பத்துக்குச் சொந்தமென்றால், கற்பதும் குடும்பம் முழுவதற்கும் கடமை, மகனுக்கு முதலில்.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. இந்த வாரம் ஒரு காலையில் அங்கே போங்கள். உங்களுக்குச் சமைக்கத் தெரியாத ஒரு நாட்டுக்காயையோ கீரையையோ வாங்குங்கள். தண்டங்கீரை, பிரண்டை, அதலக்காய், எதுவானாலும் சரி. விற்கும் அம்மாவிடமே, இதை உங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். சொல்ல அவர் தயங்கமாட்டார். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், அவர் சமைக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள், நீங்களும் நில்லுங்கள். அவர் கையால் அள்ளிப் போடுவதை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். புளி பழையதா புதியதா, அரிசி என்ன ரகம், எந்த மாதம், எந்த ஊர்க் காய் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பின் தலையில் அவர் பெயரை எழுதுங்கள். அடுத்த பருவத்தில் அதே காய் வரும்போது அந்தக் குறிப்பை எடுத்து நீங்களே சமையுங்கள்.